உகந்தை மலைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

உகந்தை மலையைப் படத்தில் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உயரத்தைப் பொறுத்தவரை அவர்கள் கேட்பது நியாயம்தான். சிவனொளிபாத மலை மாதிரி இரவு முழுக்க ஏறுகிற மலை இல்லை இது. மூச்சு வாங்கி, நின்று நின்று ஏறினாலும் அரை மணி நேரத்துக்குள் வள்ளியம்மன் சந்நிதிக்கு வந்துவிடலாம். இருந்தும் உகந்தைக்குப் போய் உள்ளங்கால் கொப்பளித்து, தலையிடியோடு திரும்புகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. அவர்களைக் கேட்டுப் பாருங்கள், அநேகமாக எல்லாரும் பத்து மணிக்குப் பிறகு ஏறியவர்களாக இருப்பார்கள். உகந்தையில் மலை சின்னது, வெயில்தான் பெரிது. அந்த வெயிலுக்கு முன்னால் மலையை முடிக்கிற மாதிரிப் பயணத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரிவரும்.

இடம் தெரியாதவர்களுக்கு: உகந்தமலை முருகன் கோயில் அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியில், பொத்துவிலுக்கும் பாணமைக்கும் அப்பால், குமண தேசியப் பூங்காவின் வாசலை ஒட்டி இருக்கிறது. முருகன் கோயில் அடிவாரத்தில். வள்ளியம்மன் மலைக்கு மேலே. கிழக்கே சிறிது நடந்தால் கடல். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற பாதயாத்திரைச் சாமிமார் காட்டுக்குள் இறங்குவதற்கு முன் தங்குகிற கடைசி இடமும் இதுதான்.

மாதமும் நாளும்

மார்கழி, தை மழையில் போக வேண்டாம். பாணமைக்கு அப்பால் வழி சேறாகிவிடும், பாறையில் பாசி பிடித்து வழுக்கும். மாசி கடைசியிலிருந்து வழி காயத் தொடங்கும். வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கிறபோது வழி நன்றாக இருக்கும், ஆனால் வெக்கை தாங்காது. கச்சான் குளிரக் குளிர வீசுகிற காற்று இல்லை. உள்நாட்டுப் பக்கமிருந்து காய்ந்து வருகிற காற்று. வியர்வை தெரியாமலே உடம்பில் தண்ணீர் வற்றிப்போகும்.

சனக்கூட்டத்தோடு போக விரும்புகிறவர்களுக்கு ஆடிவேல் விழாதான் காலம். இங்கே கொடியேற்றம் கதிர்காமத்துத் திருவிழாவை ஒட்டி நடக்கும், தீர்த்தம் கடலில். ஒன்றைக் கவனியுங்கள்: பெயர் ஆடிவேல் என்றாலும் சில வருடங்களில் ஆனி மாதத்திலேயே கொடி ஏறிவிடும். போன வருடத்துத் திகதியை வைத்து லீவு போடாமல், அந்த வருடக் கதிர்காமக் கொடியேற்றம் எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள். விழா நாட்களில் அன்னதானம், தண்ணீர்ப் பந்தல், விசேட பஸ் எல்லாம் இருக்கும். மறுபக்கம், நிற்க இடம் இருக்காது. வயதான தாய் தகப்பனை முதன்முறை கூட்டிப்போகிறவர்கள் விழா அல்லாத ஒரு வெள்ளிக்கிழமையோ சாதாரண நாளோ போவதுதான் என் விருப்பம். கோயிலில் ஆறுதலாக நின்று கும்பிடலாம், மலையில் யாரும் பின்னால் நின்று தள்ள மாட்டார்கள்.

வழி: பொத்துவில் வரை

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் ஏறத்தாழ 106 கிலோமீட்டர். ஏ4 பாதையில் களுவாஞ்சிக்குடி, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என்று நேரே வரலாம். பஸ்ஸில் வருகிறவர்கள் அக்கரைப்பற்றில் மாறி ஏற வேண்டி வரலாம். கொழும்பிலிருந்து வருவோர் மொனராகலை, சியம்பலாண்டுவை வழியாக அதே ஏ4 பாதையில் பொத்துவிலுக்கு வந்து இறங்குவார்கள்.

நம்முடைய சனம் உகந்தைக்கு வான் பிடித்தால் நேரே போகாது. காரைதீவுக் கண்ணகை அம்மனுக்கு ஒரு கற்பூரம், திருக்கோவில் சித்திரவேலாயுதருக்கு ஒரு அர்ச்சனை, சங்கமன்கண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் என்று இறங்கி இறங்கித்தான் போகும். சங்கமன்கண்டி இலங்கையின் ஆகக் கிழக்கான முனை, அதற்காகவேனும் இறங்கிப் பார்க்கலாம். ஆனால் இந்தக் கோயில்களையெல்லாம் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது பிள்ளையாருக்கு மட்டும் தேங்காய் உடைத்தால் போதும். காலையில் ஒவ்வொரு கோயிலிலும் போகிற அரை மணி நேரம்தான் பிறகு மலையில் உங்கள் உள்ளங்காலைச் சுடும்.

பாணமைக்கு அப்பால்

பயணத்தில் உண்மையில் கவனமாக இருக்க வேண்டிய பகுதி இது. பொத்துவிலிலிருந்து அறுகம்குடாப் பாலம் தாண்டிப் பாணமை வரை நல்ல தார் வீதி, பஸ்ஸும் ஓடுகிறது. பாணமை சிங்களவரும் தமிழரும் கலந்து உறவாகிப்போன பழைய கிராமம். பத்தினித் தெய்யோ என்று ஒரு வீட்டிலும் கண்ணகை அம்மன் என்று அடுத்த வீட்டிலும் கும்பிடுவார்கள். கடைசிக் கடை இங்கேதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், பிஸ்கட், கற்பூரம், நெருப்புப்பெட்டி, வண்டிக்கு எண்ணெய் என்று எது குறைந்தாலும் பொத்துவிலிலோ பாணமையிலோ நிரப்பிவிட வேண்டும். விழா இல்லாத நாட்களில் உகந்தையில் கடையை எதிர்பார்த்துப் போகக் கூடாது.

பாணமைக்குப் பிறகு காட்டு வழி. இரண்டு பக்கமும் பற்றை, இடையிடையே குளம், வெட்டவெளி, தூரத்தில் மொட்டைப் பாறைகள். வழமையான பஸ் இல்லாததால் பொத்துவிலில் ஓட்டோவோ வானோ பேசிக்கொண்டு வருவது நல்லது. பேசும்போது "உகந்தைக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது. அங்கே எத்தனை மணி நேரம் நிற்பார், திரும்பி எங்கே கொண்டுபோய் விடுவார் என்பதையும் சேர்த்துப் பேசி முடியுங்கள். இறக்கிவிட்டுப் போன ஓட்டோவை அங்கிருந்து கூப்பிட ஃபோன் சிக்னலை நம்ப முடியாது.

யானை இந்த வழியின் ஆள். விடியப்புறமும் பின்நேரமும் வீதியைக் கடக்கும். கண்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தூரத்திலேயே வண்டியை நிறுத்திப் பேசாமல் இருங்கள். ஹோர்ன் அடிப்பது, லைட்டை அடித்து விளையாடுவது, இறங்கிப் படம் எடுப்பது, வாழைப்பழம் எறிவது ஒன்றும் வேண்டாம். அது போகிற வேகத்தில் போகட்டும். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் பாணமையை விட்டுக் கிளம்ப வேண்டும். அதுவும் தனியே வேண்டாம், இரண்டு மூன்று சைக்கிளாகப் போங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இருட்டில் காட்டு வழியில் போகக் கூடாது. வெயில் ஏறிய பிறகு மலையில் நிற்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளி சிறியது. மட்டக்களப்பிலிருந்து சாமத்தில் கிளம்பி வருவதை விட, முதல் நாள் பொத்துவிலிலோ அறுகம்குடாவிலோ திருக்கோவிலில் உறவினர் வீட்டிலோ தங்குவதுதான் வசதி. விடியற்காலை ஐந்து மணிக்குப் பொத்துவிலை விட்டால், பாணமைக்கு வரும்போது கிழக்கு வெளுத்திருக்கும். ஏழு மணிக்கு முன்பின்னாகக் கோயில் வாசலில் நிற்கலாம்.

பின்நேரம் ஏறினால் என்ன என்று கேட்பார்கள். நான்கு மணிக்குப் பாறை கொஞ்சம் ஆறும், உண்மைதான். ஆனால் இறங்கி வண்டியில் ஏறும்போது பொழுது படும், யானையும் வெளிக்கிடும். விழாக் காலத்தில் அங்கேயே தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் பின்நேர ஏற்றம் சரி.

எதை எடுத்துப் போவது

ஆளுக்குக் குறைந்தது ஒன்றரை லீற்றர் தண்ணீர். இது மலைக்கு மட்டுமில்லை, போய்த் திரும்பி வரும் வரைக்கும். தலைக்கு ஒரு துவாய் அல்லது தொப்பி. சிறு பிள்ளைகளுக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புக் கரைசல் மாவான ஜீவனி பக்கற் ஒன்றிரண்டு. அர்ச்சனைச் சாமான் முழுவதையும் ஊரிலேயே வாங்கி, மூடி உள்ள பிளாஸ்டிக் கூடையிலோ இறுக்கக் கட்டிய துணிப்பையிலோ வையுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வெற்றுப் பை. இது காட்டு விலங்கு நடமாடும் இடம். ஷொப்பிங் பைகளை மான் தின்று சாவது இந்தப் பக்கத்தில் தெரியாத கதை இல்லை.

உடுப்பு சாதாரணக் கோயில் உடுப்புத்தான். பெண்கள் சேலையை விடப் பாவாடை சட்டை, சல்வார் போன்றவற்றில் ஏறுவது சுகம். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ள வேண்டி வரும். மச்சம் சாப்பிடாமல் போவதும், துடக்கு இருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதும் ஊர் வழக்கம்.

முதலில் அடிவாரம்

வந்து இறங்கியதும் இளசுகள் நேரே மலைக்குத்தான் பார்க்கும். வேண்டாம். வண்டியை விட்டு இறங்கி, முகம் கைகால் கழுவி, பிள்ளையாரையும் முருகனையும் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவது. வள்ளியிடம் போகிறவர்கள் முருகனிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டாமா? காலைப் பூசை நடக்கும் நேரமாக இருந்தால் பூசை முடியும் வரை நில்லுங்கள். ஆனால் நீண்ட அர்ச்சனை, நேர்த்திக் காணிக்கை, பிள்ளைக்கு முடி இறக்குவது போன்ற ஆறுதலான காரியங்களை இறங்கி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் மர நிழல் இருக்கிறது, அது பத்து மணிக்கும் நிழல்தான்.

இதைச் சொன்னால் சில பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "வந்த காரியத்தை முடிச்சிட்டு மலைக்குப் போவம் மகன்" என்பார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். அவர்களைக் கோயிலில் இருத்திவிட்டு நீங்கள் ஏறி வாருங்கள்.

ஏறும்போது

செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஏறுவார்கள். சில இடம் படி, சில இடம் வெறும் பாறை. முதல் ஐந்து நிமிடத்தில் ஓடி ஏறுகிறவர்கள்தான் நடுவழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரே சீராக, பேசிக்கொண்டு ஏறக்கூடிய வேகத்தில் போங்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். போன வருடம் எனக்கு முன்னால் ஏறிய ஒரு அம்மா, தன்னைத் தாண்டிப் பாய்ந்த பெடியனைப் பார்த்து, "மெல்ல ஏறு மகன், மலை ஓடியா போகப்போகுது?" என்றார். அவர் கையில் ஈரத் துவாய் ஒன்று. நான்கைந்து படிக்கு ஒரு தடவை நின்று கழுத்தைத் துடைப்பார், துவாயைப் பிழிந்து காலடியில் இரண்டு சொட்டு விட்டுவிட்டு அதன் மேல் நிற்பார், பிறகு ஏறுவார். மேலே போய்ப் பார்த்தால் அந்தப் பெடியன் தண்ணீர் கேட்டு அலைந்துகொண்டிருந்தான்.

பாறையில் கால் வைக்கிற விதம் ஒன்று உண்டு. சரிவில் குதிக்காலை ஊன்றாமல், பாதம் முழுவதும் படியும்படி வைத்து, உடம்பைச் சற்று முன்னுக்குச் சாய்த்துக்கொள்ளுங்கள். கறுத்துப் பளபளக்கிற இடம் தண்ணீர் ஓடிய தடம். காய்ந்திருந்தாலும் அதில் வழுக்கும். சொரசொரப்பான வெளிர் நிறப் பகுதியில் மிதியுங்கள், அங்கேதான் கால் பிடிக்கும். சூட்டுக்குப் பயந்து காலுறை போட்டு ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் அதை விரும்புவதில்லை. பருத்திக் காலுறை பாறையில் சறுக்கும், கோயில் வாசலில் எப்படியும் கழற்ற வேண்டும். நேரத்தோடு ஏறினால் அது தேவையே இல்லை.

குரங்கு. மேலே சொன்ன மூடிக் கூடையின் காரணம் இதுதான். அர்ச்சனைத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, வாழைப்பழம் வெளியே தெரிய நடந்தால், நீங்கள் வள்ளியம்மனிடம் போவதற்குள் தட்டு வெறுமையாகிவிடும். பின்னாலிருந்து வந்து சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும், நீங்கள் திரும்புகிற நேரம் மற்றது முன்னாலிருந்து பழத்தை எடுத்துவிடும். பிடுங்கினால் விட்டுவிடுங்கள், திருப்பிப் பறிக்கப் போனால் கீறும், கடிக்கும். கடித்தால் சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே பொத்துவில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும். விசர்நாய்க்கடி ஊசி தேவையா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

கூச்சல் போடுவதையும், கோயிலுக்கு வெளியே கண்ட இடத்தில் நெருப்பு மூட்டுவதையும் தவிருங்கள். இப்படியான பாறை மலைகளில் தேனீயும் குளவியும் இடுக்குகளில் கூடு கட்டும், புகை பட்டால் கலையும்.

மேலே

வள்ளியம்மனுக்கு முன்னால் பெரிய சடங்கு எதிர்பார்க்க வேண்டாம். கற்பூரம் கொளுத்தி, மனசில் உள்ளதைச் சொல்லிக் கும்பிடுவதுதான். கலியாணம் தள்ளிப் போகிற பிள்ளைகளுக்காக நேர்த்தி வைக்கிற தாய்மாரை இங்கே எப்போதும் காணலாம். காற்று அதிகம் என்பதால் கற்பூரம் நிற்காது. இரண்டு பேர் சேர்ந்து துவாயைத் திரை மாதிரிப் பிடித்தால் ஒரே குச்சியில் பற்றும். தனியாகப் போனால் நெருப்புப்பெட்டி பாதி முடிந்துவிடும்.

பாறையில் சுனைகள் இருக்கின்றன. மழை முடிந்த மாதங்களில் நிரம்பிக் கிடக்கும், ஆடியில் வற்றிப் பச்சையாகிவிடும். ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வது வழக்கம். குடிக்க வேண்டாம். சவர்க்காரம் போட்டுக் கைகால் கழுவுவது கூடவே கூடாது. காட்டில் தண்ணீர் வற்றிய காலத்தில் குரங்கும் பறவையும் இதைத்தான் நம்பி இருக்கின்றன. ஓரத்தில் பாசி இருக்கும், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கிழக்கே பார்த்தால் கடல், மற்ற மூன்று பக்கமும் காடு. தெற்கே தெரிகிற காட்டுக்குள்தான் பாதயாத்திரை வழி போகிறது. குமண, கும்புக்கன் ஆறு, யால, பிறகு கதிர்காமம். மேலே நின்று பார்க்கிற யாருக்கும் இப்படியே நடந்துவிடலாமா என்று ஒரு ஆசை வரும். அந்த வழி எந்நாளும் திறந்திருப்பதில்லை. விழாக் காலத்தில் அரசாங்கம் அறிவிக்கிற நாட்களில் மட்டும் யாத்திரிகர்களைப் பதிந்து உள்ளே விடுவார்கள். மற்ற நாளில் நடந்து நுழைவது சட்டப்படி குற்றம், காட்டுப்படி ஆபத்து. யானையை விடக் கரடிக்கு அஞ்ச வேண்டிய காடு அது.

படம் எடுக்கிறவர்கள் விளிம்புக்குப் போகாதீர்கள். மேலே கச்சான் திடீரென்று தள்ளும். ஒன்பது மணி தாண்டும்போது இறங்கத் தொடங்கிவிடுங்கள்.

இறக்கமும் கடலும்

ஏறும்போது நெஞ்சு வேலை செய்யும், இறங்கும்போது முழங்கால். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்குவது நல்லது. சரிவுப் பாறையில் பயம் வந்தால் வெட்கப்படாமல் இருந்து இருந்து இறங்குங்கள். அப்படி இறங்குகிற ஆட்கள் நிறைய உண்டு.

நீரிழிவுக்காரருக்குத் தனியாக ஒன்று: காலில் உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலோடு இந்தப் பாறையில் ஏறவே வேண்டாம். சுடுவது தெரியாது, வீட்டுக்குப் போய்த்தான் கொப்பளத்தைக் காண்பீர்கள். அடிவாரத்திலிருந்தே வள்ளியம்மனை நினைத்துக் கும்பிட்டால் போதும். இதயத்துக்கு மருந்து எடுப்பவர்களும் அப்படித்தான். உகந்தையின் மூல முருகன் கீழேதான் இருக்கிறார், மலை ஏறாதவருக்குத் தரிசனத்தில் ஒரு குறையும் இல்லை.

கீழே வந்து இளைப்பாறி, விட்டுவைத்த அர்ச்சனையை முடித்துவிட்டுக் கடற்கரைக்குப் போகலாம். முருகனும் வள்ளியும் வந்திறங்கிய ஓடங்கள் கல்லாகி நிற்கின்றன என்று பரம்பரையாகக் காட்டுகிற பாறைகள் அங்கேதான். பார்க்க அழகான கடல், குளிக்க நல்ல கடல் இல்லை. அலை பெரியது, கீழ் இழுவை இருக்கிறது. தீர்த்தத்தன்று சனத்தோடு சனமாக முழுகுவது வேறு, சாதாரண நாளில் நாலு பெடியன்கள் இறங்கி நீந்துவது வேறு. கால் நனைத்துக்கொண்டு வாருங்கள்.

திரும்பும்போது

குமண பூங்காவின் வாசல் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோயிலுக்கு வருவதற்குப் பூங்கா அனுமதிச் சீட்டு தேவையில்லை, உள்ளே போவதற்குத்தான் சீட்டும் ஜீப்பும். முன்பு யால கிழக்கு என்று சொன்ன காடு இது, 2006 இல்தான் குமண என்று பெயர் மாறியது. யுத்தத்தால் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. குமண வில்லு என்கிற சதுப்பு ஏரியில் பறவைகள் கூடு கட்டுகிற சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் வந்தால் பார்க்க வேண்டிய இடம். ஆனால் மலையையும் பூங்காவையும் ஒரே காலையில் அடைக்கப் பார்க்காதீர்கள். மலை காலையில், சாப்பாடும் தூக்கமும் நிழலில், பூங்கா பின்நேரம் என்று வைத்து, அதே ஜீப்பிலேயே பாணமைக்குத் திரும்புவதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

பூங்கா வேண்டாம் என்பவர்கள் பதினொரு மணிக்கு முன் உகந்தையை விட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொத்துவில் வந்துவிடலாம். போகும்போது தள்ளிவைத்த கோயில்களுக்கு இனித்தான் நேரம். திருக்கோவிலில் பின்நேரப் பூசைக்கு நடை திறக்கும் வரை கடற்கரைப் பக்கம் காற்று வாங்கலாம். அங்கே மணல்தான், பாறை இல்லை, செருப்பும் போட்டுக்கொள்ளலாம்.